வலிப்பு மாத்திரையும் வயிற்றுப் பிள்ளையும்: திருமணத்துக்கு முன்பே பேச வேண்டிய பேச்சு

"பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது டாக்டர், இனி மாத்திரையை நிறுத்திவிடலாமா?" நரம்பியல் மருத்துவர்கள் எல்லோரும் கேட்டிருக்கும் கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் தாய். மாத்திரை சாப்பிடும் பெண் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மருந்துச் சீட்டில் சோடியம் வால்ப்ரோயேட் என்று இருந்தால், அவளிடம் தனியாகப் பேச அனுமதி கேட்பேன். அந்த மருந்து மூளையை மட்டும் தொடுவதில்லை. உடலின் செல்களில் மரபணுக்களைத் திறந்து மூடும் நொதிகளையும் அது தொடுகிறது.

நம் செல் ஒவ்வொன்றின் உட்கருவிலும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள டிஎன்ஏ அடங்கியிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருண்டைகளின் மேல், கண்டில் நூல் சுற்றியதைப் போல அது சுற்றப்பட்டிருக்கிறது. ஹிஸ்டோன்களின் நீண்ட நுனிகளில் லைசின் என்னும் அமினோ அமிலம் நேர்மின்னூட்டத்தோடு இருக்கும். டிஎன்ஏவுக்கு எதிர்மின்னூட்டம். ஆகவே இரண்டும் இறுகப் பற்றிக்கொள்கின்றன. ஒரு வகை நொதி அசெட்டைல் என்னும் சிறிய வேதித் தொகுதியைக் கொண்டுவந்து லைசினில் ஒட்டும்போது அந்த மின்னூட்டம் நீங்குகிறது. பிடி தளர்ந்து, மரபணு வேலை செய்ய இடம் கிடைக்கிறது. டிஅசெட்டைலேஸ் என்னும் இன்னொரு வகை நொதி அதைக் கழற்றிவிட்டால் பிடி மறுபடி இறுகி மரபணு அடங்குகிறது. டிஎன்ஏவில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. நியூயார்க்கில் வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964இலேயே இதை ஊகித்துச் சொன்னார். நொதிகள் இன்னவைதாம் என்று தெளிவாக 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வால்ப்ரோயேட் வலிப்பை அடக்கும் என்பது 1962இல் பிரான்சில் தற்செயலாகத் தெரியவந்தது. சோதனை மருந்துகளைக் கரைக்க அதைப் பயன்படுத்தினார்கள். கரைக்கப்பட்டவை எல்லாமே வலிப்பை நிறுத்தின. பல பத்தாண்டுகள் கழித்து, 2001இல், அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இன்னொன்றைக் கண்டுபிடித்தன. நோயாளிகளின் இரத்தத்தில் வழக்கமாக இருக்கும் அளவிலேயே இது டிஅசெட்டைலேஸ் நொதியைத் தடுக்கிறது. அந்த நொதியைத் தடுக்காத, வால்ப்ரோயேட்டை ஒத்த வேதிப்பொருள்கள் விலங்குக் கருக்களில் அதே ஊனத்தை உண்டாக்கவில்லை. இந்த மருந்தால் கருவுக்கு வரும் பாதிப்புகளுக்கு அந்த நொதி தடுக்கப்படுவதே முக்கியமான காரணமாகக் கருதப்படுவது இதனால்தான்.

கருவில் எந்த மரபணு எந்த நாளில் திறக்க வேண்டும், எந்த நாளில் மூட வேண்டும் என்பதில் துல்லியம் வேண்டும். மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரவிருக்கும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. அப்போது மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டே வாரம் ஆகியிருக்கும். கர்ப்பம் உறுதியானதும் மருத்துவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் பெண், அந்தக் கட்டம் கடந்த பிறகுதான் எங்களிடம் வந்து சேர்கிறாள்.

சாதாரணமாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு இருக்கும். தாய் வால்ப்ரோயேட் எடுத்துக்கொண்டிருந்தால் இது ஏறத்தாழ பத்தாகிறது. உடல் குறையில்லாமல் பிறந்த குழந்தைகளிலும் பேச்சு தாமதம், கற்றல் குறைபாடு, ஆட்டிசம் அதிகம். வளர்ச்சிச் சிக்கல்கள் நூறில் முப்பது நாற்பது பேரைத் தொடுகின்றன. மருந்தின் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1998 முதல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளைப் பதிவு செய்து பின்தொடர்ந்து வருகிறார்கள். ஆகவே இதை மேல்நாட்டுக் கணக்கு என்று ஒதுக்க வழியில்லை.

இவ்வளவு தெரிந்தும் இதைப் பற்றிப் பேசத் தாமதமாவதற்கு நம் வீடுகளின் மறைப்பு ஒரு பெரிய காரணம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கல்யாண வாரத்தில் தூக்கமும் கெட்டு, மாத்திரையும் விட்டுப்போய், விடிகாலையில் கை வெட்டி இழுத்துக் காப்பி டம்ளர் தெறித்து விழும். அதை நடுக்கம் என்று சொல்லி மூடிவிடுவார்கள். இளம்பருவத்தில் தொடங்கும் ஒரு வகை வலிப்பின் அடையாளமே அந்த வெட்டு. அதற்கு வால்ப்ரோயேட் மிக நன்றாக வேலை செய்கிறது என்பதே சிக்கல். சிலருக்கு வேறு மருந்து போதவே போதாது.

ஆகவே தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து தாயின் உயிரே போகலாம், கருவும் தப்பாமல் போகலாம். லெவெடிராசெட்டம், லமோட்ரிஜின் போன்ற மருந்துகளுக்குப் படிப்படியாக மாறப் பல மாதங்கள் ஆகும். மாறிய பின் வலிப்பு அடங்கியிருக்கிறதா என்று பார்க்கவும் காலம் வேண்டும். அதுவரை கருத்தடை அவசியம். ஃபோலிக் அமிலம் கட்டாயம் வேண்டும், ஆனால் வால்ப்ரோயேட்டின் ஆபத்தை அது போக்கிவிடும் என்று நம்பி இருந்துவிட முடியாது. வேறு வழியே இல்லாதவர்களுக்கு வலிப்பை அடக்கும் குறைந்தபட்ச அளவு எதுவோ அதைத் தேர்ந்துகொள்கிறோம்.

ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால் மாத்திரையை விடாமல் அன்றைக்கே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் விரிவான ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். ஒற்றைத் தலைவலிக்காகவோ மனநிலைக் கோளாறுக்காகவோ இதே மாத்திரை எழுதப்பட்ட பெண்களும் உண்டு. தங்களுக்கு வலிப்பு இல்லாததால் இந்த எச்சரிக்கை தங்களுக்கில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தலைவலிக்கு வேறு மருந்துகள் தாராளமாக இருக்கின்றன. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்ணுக்கு அதற்காக வால்ப்ரோயேட் தேவையே இல்லை. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள்.