கோன்செட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் டயரைப் பாருங்கள்

“எண்பதைத் தாண்டினா ஹேண்டில் உதறுதுண்ணே, கோன்செட்டைக் கொஞ்சம் டைட் பண்ணி விட்டுடுங்க.” நோயைச் சொல்லும்போதே மருந்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். கோன்செட் என்பது ஹேண்டில் இடவலமாகத் திரும்புவதற்கு உள்ளே இருக்கும் குண்டு பேரிங். இந்த வாரம் இப்படி வந்த ஒரு வண்டியில் அது ஏற்கெனவே வேறெங்கோ முறுக்கப்பட்டிருந்தது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை லேசாகத் தட்டிவிட்டால் அது தானாக ஓரத்துக்குப் போய் விழ வேண்டும். இதுவோ விட்ட இடத்திலேயே நின்றது. முன் டயரில் பாதிக் காற்றுதான் இருந்தது. பின் டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகிக் கிடந்தது. இந்த நிலையில் பின்னால் ஆளை உட்காரவைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போய்விட்டு வந்திருக்கிறார். கோபம் வராமல் என்ன செய்யும்?

இந்தக் கோன்செட் விஷயத்தை ஒரு முறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற பைக் நேராகப் போவதாக நமக்குத் தோன்றுகிறதே தவிர, அதன் முன் சக்கரம் சும்மா இருப்பதில்லை. வண்டி எந்தப் பக்கம் துளி சாய்கிறதோ அந்தப் பக்கம் தானே கொஞ்சம் திரும்பி, சாய்ந்ததை நிமிர்த்திக்கொண்டே போகிறது. உள்ளங்கையில் கம்பை நிறுத்துகிறவன் கையை அசைத்துக்கொண்டே இருப்பான் இல்லையா, அதே வேலைதான். கோன்செட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் இந்தத் திருத்தம் நின்றுபோகிறது. மெதுவாகப் போகும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்து, பிறகு மறுபக்கம் இழுக்கும். வேகம் ஏறினால் மொத்த வண்டியும் நெளிய ஆரம்பிக்கும். “இல்லண்ணே, டைட் பண்ணதும் உதறல் நின்னுடுச்சே” என்பார்கள். நின்றிருக்கும். இறுக்கத்தின் உராய்வு ஆட்டத்தை விழுங்கிவிட்டது, அவ்வளவுதான். ஆட்டத்தைக் கிளப்பிய டயரும் ரிம்மும் அப்படியே இருக்கின்றன. இறுகிய குண்டுகள், தாங்கள் ஓடும் வளையமான ரேஸில் குழி போடும், ஹேண்டில் நடுவில் வந்ததும் ‘டக்’கென்று உட்காரும், பிறகு லூசாகும், உதறல் திரும்ப வரும், திரும்ப இறுக்கச் சொல்வீர்கள். லூசாக இருக்கிற கோன்செட்டைக் கம்பெனி சொன்ன டார்க்குக்கு, அதாவது இறுக்க அளவுக்கு, இறுக்குவது என் வேலை. ஹேண்டில் உதறுகிறது என்பதற்காக மட்டும் இறுக்குவது என் வேலை இல்லை. ஹேண்டிலின் ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் வாங்கி மாட்டச் சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான். நன்றாக இருக்கிற வண்டிக்கு அது கூடுதல் காவல். கோளாறான வண்டியில் அது கோளாறை மூடி மறைக்கும்.

சரி, என்ன சொல்ல வேண்டும்? ஆடுவது ஹேண்டிலா, மொத்த வண்டியா என்று சொல்லுங்கள். ஹேண்டில் மட்டும் நொடிக்கு 4 முதல் 10 முறை இடவலமாக உதறினால் அது வாபிள். பெரும்பாலும் 60, 80 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் இறங்கும்போது, கை ஹேண்டிலில் லேசாக இருக்கும் நேரத்தில் வரும். ஹேண்டில் பெரிதாக உதறாமல், இருக்கைக்குக் கீழே வண்டி மெதுவாக, நொடிக்கு 2, 3 முறை நெளிந்தால் அது வீவ். நல்ல வேகத்தில், பின்னால் சுமை இருக்கும்போது வருவது. முன்னதற்கு நான் முன்பக்கத்தில் தேட ஆரம்பிப்பேன், பின்னதற்குப் பின்பக்கத்தில். லாரியைத் தாண்டும்போது மட்டும் ஒரு தடவை அசைந்தால் அது காற்று, அதற்காக வர வேண்டாம்.

“எழுபதில் உதறுது, தொண்ணூறுக்குப் போனா சரியாயிடுது” என்பது அடிக்கடி கேட்கிற இன்னொன்று. பைக் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 8 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஹேண்டில் இயல்பாக உதறக்கூடிய கணக்கும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். ரிம்மிலிருந்து ஒரு பேலன்ஸ் வெயிட் விழுந்திருந்தால், அல்லது டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருந்தால், இரண்டும் ஒத்துப்போகும் அந்த வேகத்தில் மாட்டிக்கொள்ளும். மேலே போனால் ஒத்துப்போவதில்லை, அதனால் அடங்குகிறது. சரியாகவில்லை, ஒளிந்திருக்கிறது. திரும்ப வேகத்தைக் குறைத்துத்தானே ஆக வேண்டும்?

டயரில் தொடங்குங்கள். காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் கூடுதலாகத்தான் காட்டும். டயரின் பக்கத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். சுற்றிலும் ஒரே இடைவெளியில் இல்லையென்றால் டயர் சரியாக உட்காரவில்லை. புது டயர் போட்ட அன்றே உதறல் வந்தது என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். டயரின் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதி எண்ணையும் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். டயரில் பட்டன் தேயாமல் நிறைய இருக்கிறது என்பார்கள், ரப்பர் கல்லாகியிருக்கும்.

அப்புறம் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ரிம் கோட்டம் பார்ப்பது, ஸ்போக்ஸைத் தட்டிச் சத்தம் கேட்பது, மேலும் கீழும் பிடித்து ஆட்டி வீல் பேரிங் பார்ப்பது, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்து ‘டக்’ வருகிறதா என்று பார்ப்பது. கோன்செட் இங்கேதான் வருகிறது. பின்னால், சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் தள்ளும்போது ஆட்டம் தெரிந்தால் அதன் புஷ் போய்விட்டது. செயின் இறுக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வைக்கவில்லையென்றால் பின் சக்கரம் கோணலாக ஓடும்.

சுமையைப் பற்றிக் கெஞ்சித்தான் கேட்கிறேன். பின் ஆக்சிலுக்குப் பின்னால், உயரத்தில் தொங்கும் பெட்டியில் கனத்தை அடைக்காதீர்கள். அது முன் சக்கரத்தின் பாரத்தைக் குறைத்துவிடும். பாரம் குறைந்த முன் சக்கரம் சீக்கிரம் உதறும். கனமானதைத் தாழ்வாக, இருக்கையை ஒட்டிக் கட்டுங்கள், இரண்டு பக்கமும் சமமாக. பின்னால் ஆள் ஏறினால் பின் டயர் காற்றும் ஏற வேண்டும். எவ்வளவு என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

ஓடும்போது உதறல் வந்துவிட்டால் முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரைப் படீரென்று விடவும் வேண்டாம், முறுக்கித் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். முட்டியால் டேங்கைக் கவ்விக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவந்து, கையை விறைக்காமல் வைத்து, வேகத்தை மெல்ல இறக்குங்கள். நின்றபின் டயரைத் தொட்டுப் பாருங்கள், பஞ்சராகக்கூட இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. நெடுஞ்சாலையில் இரண்டு கையையும் விட்டு “செக்” பண்ணுவதும், ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு உதறலை வீடியோ எடுத்து வந்து எனக்குக் காட்டுவதும் வேண்டவே வேண்டாம். எந்த வேகத்தில் வந்தது, எதற்குப் பிறகு வந்தது என்று வாயால் சொன்னால் போதும், புரிந்துகொள்வேன்.