புற்றுக்காளானுக்கு வித்து கேட்பவர்களுக்கு

ஐப்பசியில் இடிமழை பெய்து ஓய்ந்த சில நாள்களில், அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கத்திலிருந்து யாராவது ஒருவர் வாழையிலையில் பொதிந்த புற்றுக்காளானோடு வந்து, "சார், இதுக்கு வித்து கிடைக்குமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. சிப்பிக் காளானுக்கும் பால் காளானுக்கும் வித்து தயாரித்துக் கொடுக்கும் நான், இதற்கு மட்டும் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதைப் பயிரிடுவது கறையான்.

சருகையும் மரத்தூளையும் தின்று கழித்து, புற்றுக்குள் தேனடைபோல் கறையான்கள் கட்டும் அடையில்தான் இந்தப் பூஞ்சை வளர்கிறது. கறையானால் எளிதில் செரிக்க முடியாத மரச்சத்தை அது சிதைத்துக் கொடுக்க, அதில் திரளும் வெண்ணிற மணிகளைக் கறையான்கள் உண்கின்றன. டெர்மிட்டோமைசஸ் என்ற இப்பேரினத்துக்கு 1942-இல் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம். அவர் பெயரையே தாங்கிய 'ஹெய்மி' இனத்தை 1979-இல் விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன்.

மழைக்குப் பின் பறக்கும் ஈசல்கள் புதுப்புற்று தொடங்கும்போது, பெரும்பாலான இனங்களில், காளானை உடன் கொண்டுபோவதில்லை. அங்கே பிறக்கும் முதல் தலைமுறை வேலைக்காரக் கறையான்கள்தாம் வெளியே சென்று, விரிந்த காளான்கள் உதிர்த்த வித்துத்தூளைச் சேர்த்துக்கொண்டு வருகின்றன. நாமோ குடை விரியாத மொட்டைத்தான் தேடிப் பறிக்கிறோம். சுவையும் அதற்குத்தான், விலையும் அதற்குத்தான். ஒரு புற்றின் மொட்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டால், அவ்வட்டாரத்துப் புதுப்புற்றுகள் வித்துக்கு எங்கே போகும்? ஆகவே மூன்றில் ஒரு பங்கையாவது விரிய விடுங்கள் என்கிறேன்; இது என் கணக்கு, சட்டம் அன்று. வேர்போல் நீண்டிருக்கும் தண்டு அடைவரை செல்வதால், கடப்பாரையால் தோண்டாமல் மண்மட்டத்தில் கத்தியால் அறுப்பதே நல்லது.

பறிப்பதைவிடப் பெரிய கேடு மண்ணை இழப்பது. 2025 மார்ச்சில், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைப் பட்டியலிடும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (ஐ.யூ.சி.என்.) செம்பட்டியலில் மதிப்பிடப்பட்ட சுமார் 1,300 பூஞ்சை இனங்களில் 411 அழியும் நிலையில் இருந்தன. அவற்றில் 279-க்கு வேளாண் விரிவும் நகர் விரிவும் காரணங்களாகக் காட்டப்பட்டன. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் புற்றுக்குக் காடே காவல். வெளியே பொத்தை எனும் சிறுகுன்றின் அடியிலும் குளக்கரையிலும் பட்டா நிலத்திலும் இருப்பவற்றையோ, பிளாட் போடுவதற்காக ஜேசிபி ஒரு மணி நேரத்தில் நிரவிவிடுகிறது. எஞ்சியதில் கறையான் மருந்தை ஊற்றுகிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தில் விலங்குக்கும் தாவரத்துக்கும் அட்டவணை உண்டு, காளானுக்கென ஒன்று இல்லை. மஞ்சள் பூசிக் கும்பிடும் புற்றுகள் மட்டும் தப்பிக்கின்றன; நாகம்மாள் செய்யும் பாதுகாப்பை இலாகாக்கள் இன்னும் செய்யவில்லை.

போன வருடம் வித்து கேட்டு வந்தவர்களில் ஒருவர், தன் தோப்பில் உள்ள புற்றைச் சுற்றி முள் அடைத்திருக்கிறார். ஆளுக்கு அஞ்சி அன்று, கோழி கிளறுகிறதாம்.