ஏரி கண்ணுக்குத் தெரிகிறது, வழி தெரியவில்லை

மலையேற்ற வழிகாட்டியான என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது ‘கத்திமுனை’யைப் பற்றித்தான். அமெரிக்காவின் கொலராடோவில், ஆஸ்பென் நகருக்குப் பக்கத்தில் உள்ள கேப்பிட்டல் சிகரத்தின் உயரம் சுமார் 4,300 மீட்டர். அதன் முகட்டில் ஓரிடத்தில் பாறை கத்தியின் வாயைப் போலக் குறுகிவிடும். இருபுறமும் அதலபாதாளம். குதிரைமேல் உட்காருவதுபோலக் கால்களை இருபக்கமும் தொங்கவிட்டு, கையை ஊன்றி ஊன்றி நகர்கிறவர்களே அதிகம். பார்க்க நெஞ்சு பதறும். ஆனால் அந்தப் பாறை கெட்டியானது. வழி தவறவும் அங்கே இடமில்லை. எனக்குக் கவலை அதைத் தாண்டிய பிறகுதான்.

அதற்கப்பால் உதிரிப் பாறை. பிடித்த கல் கையோடு வரும். பாதை என்று எதுவும் கிடையாது; ஆங்காங்கே வழி காட்ட அடுக்கிய சிறு கற்குவியல்கள் மட்டும் இருக்கும். அவற்றையும் முழுதாக நம்ப முடியாது, வழி தவறியவர்களும் கல் அடுக்குவார்கள். கைப்பேசியில் நீலக்கோடு இருக்கிறதே என்பீர்கள். சமவெளியில் பத்து மீட்டர் பிசகினால் ஒன்றுமில்லை. இங்கே பத்து மீட்டர் பிசகினால் நிற்பது வேறொரு விளிம்பில்.

2017 கோடையில், ஏறத்தாழ ஆறு வாரங்களில், இந்தச் சிகரத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் சிலர் திரும்பும்போது முகட்டிலிருந்து, கீழே கூடாரமடித்துத் தங்கும் ஏரியின் பக்கமாகக் குறுக்குவழியில் இறங்க முயன்று விழுந்ததாக மீட்புப் பணியினர் கருதினர். அப்படியொரு குறுக்குவழி கிடையாது.

பிறகு ஏன் இறங்குகிறார்கள்? முட்டாள்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. வந்த வழியே திரும்ப வேண்டுமானால் கத்திமுனையை மறுபடி கடக்க வேண்டும். அதன்பின் கே2 என்னும் துணைச்சிகரத்தின் பக்கம் மறுபடியும் ஏற வேண்டும். விடியும் முன்பே கிளம்பிய உடம்பு கெஞ்சும். ஜூலை, ஆகஸ்டில் நண்பகலுக்குள் கருமேகம் திரண்டு இடி இறங்கும். அந்த நேரத்தில் கீழே ஏரி பளபளக்கிறது.

சென்ற ஆண்டு நான் அழைத்துப்போன இளைஞர் ஒருவர் அங்கே நின்று கையை நீட்டினார். “அண்ணா, அதோ நம் ஏரி. இப்படியே இறங்கினால் ஒரு மணி நேரம்கூட ஆகாதே?” காலடியில் சரளைச் சரிவு, சாதாரணமாக நடந்துவிடலாம் போலத்தான் இருந்தது. மேலிருந்து பார்ப்பவருக்குச் சரிவின் தொடக்கம் தெரியும், அடிவாரம் தெரியும். நடுவில் செங்குத்தாக அறுந்து விழும் பாறைச் சுவர் தெரியாது. சரிவின் வளைவு அதை மறைத்துவிடுகிறது. இத்தனைக்கும் முந்தைய மாலை கூடாரத்தருகே தொலைநோக்கியைக் கையில் கொடுத்து, அதே சுவரை அவருக்குக் காட்டியிருந்தேன்.

அதனால்தான் ஏறும்போதே அடிக்கடி நின்று திரும்பிப் பார்க்கச் சொல்கிறேன். ஏறும்போது பார்த்த பாறைக்கும் இறங்கும்போது பார்க்கும் அதே பாறைக்கும் முகம் வேறு. முகட்டை விட்டு விலகும் இடத்தையும் மறுபடி சேரும் இடத்தையும் திரும்பி நின்று படமெடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது, ஏறிவந்ததைவிடக் கடினமான இடம் எதிர்ப்பட்டால் அது உங்கள் வழி அல்ல. மேற்கொண்டு ஓரடிகூட இறங்காமல், நிச்சயமாகத் தெரிந்த கடைசி இடத்துக்கு ஏறிப் போங்கள். இறங்கிய கால் மறுபடி ஏற மறுக்கும். ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று மனமும் ஒத்து ஊதும். (தலைக்கவசத்தைப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது.)

அந்த இளைஞர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்த வழியில் திரும்பினார். கூடாரத்தை அடைய மாலையாகிவிட்டது. காலணியைக்கூடக் கழற்றாமல் என் தொலைநோக்கியை வாங்கி, தான் கை நீட்டிய இடத்தைத் தேடினார். சரளைச் சரிவைக் கண்டுபிடித்து, அதன் வழியே மெல்லக் கீழே பார்த்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். அதற்குக் கீழே நெடுந்தூரம் வெறும் பாறைச் சுவர்தான்.