செல்லுக்குள் புகுந்த வைரஸை உடல் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சளி பிடித்தாலே ஆன்டிபயாடிக் கேட்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலான சளிக்குக் காரணம் வைரஸ். அதன்மேல் இந்த மருந்து எடுபடாது.

பாக்டீரியா ஒரு முழு உயிர். தானே உணவெடுத்துத் தானே பெருகும். வசதி கிடைத்தால் ஈ.கோலை என்ற பாக்டீரியா சுமார் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். அதைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. 1928இல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த பென்சிலின், அந்தச் சுவர் கட்டும் வேலையைத்தான் கெடுக்கிறது. சுவர் பலவீனமானதும் உள்ளே தண்ணீர் ஏறி பாக்டீரியா வெடித்துவிடும். நம் செல்களுக்கு அப்படிச் சுவர் கிடையாது, அதனால் அவை தப்பிக்கின்றன. வைரஸுக்கும் சுவர் கிடையாது. புரத உறைக்குள் கொஞ்சம் மரபுப்பொருள், அவ்வளவுதான். நம் செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லை வைத்தே தன் நகல்களைச் செய்துகொள்கிறது.

உடலுக்கும் இங்கேதான் சிக்கல். வெளியே திரியும் பாக்டீரியாவை வெள்ளையணுக்கள் விழுங்கிவிடும். ஆன்டிபாடிகள் என்ற புரதங்களும் அதன்மேல் ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். ஆனால் செல்லுக்குள் ஒளிந்திருப்பதை எப்படிப் பார்ப்பது?

செல்லே காட்டிவிடுகிறது! சிவப்பணுக்களைத் தவிர நம் உடலின் கிட்டத்தட்ட எல்லாச் செல்களும், உள்ளே செய்யும் புரதங்களில் கொஞ்சத்தை நறுக்கி, துண்டுகளை மேற்பரப்பில் நிறுத்திவைக்கின்றன. வாசலில் மாதிரிச் சரக்கை அடுக்கிவைக்கும் பட்டறை மாதிரி. ரோந்து வரும் டி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளையணுக்கள் அந்தத் துண்டுகளைத் தடவிப் பார்க்கும். உடலின் சொந்தத் துண்டென்றால் கடந்துபோகும். சொந்தத்தையே தாக்கக்கூடிய டி செல்களில் பெரும்பாலானவை அவை முதிரும் இடமான, மார்பில் உள்ள தைமஸ் சுரப்பியிலேயே கழித்துக்கட்டப்படுகின்றன. வைரஸின் துண்டு தட்டுப்பட்டால் அந்தச் செல்லின் சவ்வில் துளையிட்டு, அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி செய்துவிடும். நகல் வேலையும் அத்தோடு நிற்கும். இந்த ஏற்பாட்டின் அடிப்படையை ஆஸ்திரேலியாவில் கண்டறிந்த பீட்டர் டோஹெர்ட்டிக்கும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலுக்கும் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, வைரஸ் சும்மா இருக்குமா? சைட்டோமெகலோ வைரஸ் போன்றவை, துண்டுகள் மேற்பரப்புக்கு வருவதையே தடுத்துவிடுகின்றன. டி செல்லுக்கு அப்போது எதுவும் தெரியாது. நோய் எதிர்ப்பின் மிக அழகான பகுதி என்று நான் நினைப்பது இதற்கு அடுத்து நடப்பதைத்தான். என்கே செல்கள் என்று இன்னொரு காவல் படை இருக்கிறது. வெளியே எந்தத் துண்டு இருக்கிறது என்பது இவற்றுக்கு முக்கியமில்லை. துண்டுகளைத் தாங்கிக் காட்டும் வழக்கமான அமைப்பு இருக்கிறதா என்றுதான் பார்க்கும். இல்லையென்றால் அதுவே சந்தேகத்துக்குப் போதும், அந்தச் செல்லைக் கொன்றுவிடும். ஆக, காட்டினால் டி செல், மறைத்தால் என்கே செல்.

இதற்கும் சைட்டோமெகலோ வைரஸிடம் பதில் இருக்கிறது. துண்டுகளைக் காட்டும் நம் அமைப்பைப் போலவே தோன்றும் போலிப் புரதம் ஒன்றைச் செய்து வெளியே நிறுத்துகிறது. என்கே செல்களில் ஒரு பகுதி அதை நம்பி விலகிவிடும். சுண்டெலிகளைத் தாக்கும் இதன் உறவுக்கார வைரஸும் இப்படி ஒரு போலியைச் செய்கிறது. ஆனால் சில வகைச் சுண்டெலிகளின் என்கே செல்களில் அந்தப் போலியையே அடையாளம் காணும் ஏற்பி இருக்கிறது. போலி கண்ணில் பட்டதும் அந்தச் செல்லைக் கொன்றுவிடுகின்றன.