ஓரியண்டீரிங்: வழிகாட்டி இல்லாத ஓட்டத்துக்கு ஒரு தமிழ்ச் சொல்

"இளையோருக்கான வெளிநாட்டு ஓரியண்டீரிங் பயிற்சி முகாம்" என்பதைத் தமிழாக்கச் சொன்னால், பலருடைய கை தானாகவே "அறிமுகப் பயிற்சி முகாம்" என்று எழுதிவிடும். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்து ஓரியண்டேஷன்தான் நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவைதான், ஆனால் வேலை வேறு. அங்கே நாற்காலியில் உட்கார்ந்து உரை கேட்பார்கள். இங்கே பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் முன்பின் பார்த்திராத காட்டுக்குள், ஒரு வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு தனியாக ஓடுவார்கள்.

காட்டில் ஆங்காங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாக முப்பட்டைத் துணிக்கூண்டுகள் தொங்கும், பக்கத்துக்கு 30 செ.மீ. அவை இருக்கும் இடங்கள் வரைபடத்தில் ஊதா வட்டங்களாக, எண்ணிட்டுக் குறிக்கப்பட்டிருக்கும். புறப்படும் இடம் முக்கோணம், முடியும் இடம் இரட்டை வட்டம். எல்லாவற்றையும் எண் வரிசையில் தொட்டு, விரலில் மாட்டிய மின்னணுச் சில்லில் பதிவு செய்துகொண்டு, குறைந்த நேரத்தில் வந்து சேர்பவர் வென்றார். ஒரு வட்டத்திலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போவது என்பது அவரவர் பாடு. குன்றில் நேராக ஏறி இறங்கலாம், பாதையைப் பிடித்துச் சுற்றியும் போகலாம். ஆட்டத்தின் உயிரே அந்த முடிவில்தான் இருக்கிறது. வரைபடத்தில் ஒரு வேடிக்கை: தடையின்றி ஓடக்கூடிய காட்டுக்கு நிறம் வெள்ளை. பச்சை என்றால் புதர், நெருங்காதே என்று பொருள்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? சுவீடனிலிருந்து. 1886-ல் கார்ல்பெரி இராணுவக் கல்லூரியில், அறியாத நிலத்தை வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு கடப்பதற்கு 'ஊரியெண்டேரிங்' என்று பெயர். பொதுமக்களுக்கான முதல் போட்டியை நார்வே 1897-ல் நடத்தியது. ஆனாலும் இது இளைஞர் விளையாட்டாக வேர்விட்டது சுவீடனின் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற படை அதிகாரியால். 1919-ல் ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே அவர் நடத்திய பெரிய போட்டிக்குப் பிறகு அவரை இவ்விளையாட்டின் தந்தை என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்துக்குள் வந்தபோது கடைசி 'இங்' ஏதோ ஆங்கில வினையின் வால் போலத் தெரிய, அதை வெட்டி 'ஓரியண்டீர்' என்று ஒரு வினையையும் செய்துகொண்டார்கள். பிள்ளை முதலில், தாய் பிறகு.

சுவீடிய மொழிக்கு அது பிரெஞ்சு வழியாக வந்தது. அடியில் இருப்பது லத்தீன்: 'ஓரியன்ஸ்' என்றால் எழுவது, அதாவது ஞாயிறு எழும் திசை. தேவாலயத்தைக் கிழக்கு நோக்கிக் கட்டுவதும், இடைக்கால ஐரோப்பிய உலகப் படங்களில் கிழக்கை மேலே வைத்ததும் இதே வழக்கம்தான். இன்றைக்கு ஓடுகிறவர் பார்ப்பதோ வடக்கை. பெயரில் கிழக்கு, பிழைப்பில் வடக்கு.

இங்கே தமிழ் ஒரு படி வேறு மாதிரி யோசித்திருக்கிறது. நம் 'கிழக்கு' ஞாயிற்றைப் பார்த்துப் பிறந்ததல்ல, நிலத்தைப் பார்த்துப் பிறந்தது. கீழ் என்பதிலிருந்து கிழக்கு, மேல் என்பதிலிருந்து மேற்கு. மலை மேற்கே, சரிவு கடலை நோக்கிக் கிழக்கே. குறள் 488-ல் "கிழக்காம் தலை" என்று வருவது திசையே அல்ல, தலை கீழாகும் என்பதுதான். மலையாளத்திலும் கிழக்கு கிழக்குத்தான், அங்கே நிலம் எதிர்ப்பக்கம் சரிந்தாலும். ஆக, மேடு பள்ளத்தைக் கொண்டு திசை சொன்ன மொழி நம்முடையது. ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளை வரைபடத்தில் படித்து ஓடும் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான மொழி வேண்டுமா என்ன!

அப்படியிருந்தும் நல்ல பெயர் எளிதில் அமையவில்லை. இலங்கைத் தமிழில் ஓரியண்டேஷனுக்குப் புழங்கும் 'திசைமுகப்படுத்தல்' இங்கே ஒட்டாது. அது ஒருவரை இன்னொருவர் ஒரு பக்கம் திருப்புவது. 'ஆற்றுப்படுத்தல்' அழகான சொல். ஆறு என்றால் வழி, பரிசில் பெற்று வந்தவன் எதிர்ப்படுகிறவனுக்கு வழி சொல்லும் ஆற்றுப்படையில் இருப்பதும் அதே ஆறுதான். ஆனால் இந்த ஆட்டத்தில் எதிரே வந்து வழி சொல்ல யாரும் இல்லை, கேட்கவும் கூடாது. 'திசையறி ஓட்டம்' பாதி உண்மை, ஏனென்றால் திசை தெரிந்தால் மட்டும் போதாது. 'வழிதேர் ஓட்டம்' என்று எனக்கு முதலில் தோன்றியது. பொருள் கச்சிதம்தான், ஆனால் வாய்விட்டுச் சொன்னால் கோயில் தேரோட்டம் வந்து நிற்கிறது.

நான் எழுதுவது 'வழிகாணல்'. ஓட்டம் என்ற சொல்லைப் பெயரோடு ஒட்ட வைக்காததற்குக் காரணம் உண்டு. 1961-ல் கோபன்ஹேகனில் உருவான உலகக் கூட்டமைப்பின் கீழ் இன்று பனிச்சறுக்கிலும் மலை மிதிவண்டியிலும் இதே ஆட்டம் நடக்கிறது. ஆகவே ஓட்ட வழிகாணல், சறுக்கு வழிகாணல் என்று முன்னே சேர்த்துக்கொள்ளலாம். ஆடுபவர் 'வழிகாணி'. வழிகாட்டி பிறருக்குக் காட்டுவார், வழிகாணி தனக்குத் தானே கண்டுகொள்வார். காணி என்றால் நிலம் என்பது கொசுறு. ஒன்றை மட்டும் இதிலிருந்து பிரித்து வைக்க வேண்டும்: வரைபடத்தை நிலத்தோடு பொருந்தத் திருப்புவது. அதற்குத் 'திசைப்படுத்தல்' போதும்.

ஏன் வெளிநாட்டு முகாம்? போட்டி நடக்கப்போகும் காடு முன்கூட்டியே வீரர்களுக்கு மூடப்பட்டுவிடும். அதே போன்ற பக்கத்து நிலத்தில்தான் பழகிக்கொள்ள முடியும். 1990 முதல் நடக்கும் இளையோர் உலகப் போட்டிக்கு, 20 வயது வரையுள்ளவர்களுக்கானது அது, தயாராகும் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். சமதளப் பூங்காவில் வளர்ந்த கால்களுக்குச் சுவீடனின் பாசி படிந்த பாறைகளும் சதுப்பும் வேறு உலகம். வரைபடத்தின் சம உயரக் கோடுகளில் கோட்டுக்குக் கோடு 5 மீட்டர் உயர இடைவெளி என்றால், இரண்டு ஆள் உயர மேடு கோட்டுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும்.

முகாமில் ஒரு பயிற்சி உண்டு. பாதை, ஓடை, வேலி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பழுப்புச் சம உயரக் கோடுகளை மட்டும் விட்ட வரைபடத்தைக் கொடுப்பார்கள். பெண் ஒருத்தி புறப்படுகிறாள். தான் நிற்கும் இடத்தின் மேல் இடக்கைக் கட்டைவிரல். உடல் வலப்பக்கம் திரும்பினால் தாள் கைக்குள் இடப்பக்கம் சுழல்கிறது, வடகோடுகள் காந்த ஊசியோடு மறுபடி இணையாகின்றன. ஓடுகிறாள். மூக்குப் போல் நீட்டிய ஒரு சரிவு வர வேண்டும், வரவில்லை. இன்னும் வேகமாக ஓடத்தான் மனம் சொல்லும். அவளோ நிற்கிறாள், கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பி நடக்கிறாள். கட்டைவிரலும் பின்னால் நகர்கிறது.

முகாம் என்ற சொல்லை மாற்ற வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அது அரபு வழி வந்தது, பழந்தமிழில் பாசறை இருக்கிறது. எனக்கென்னவோ, பாசறை என்றதும் போரும் கட்சிக் கொடியும்தான் கண்ணில் தெரிகின்றன. 'இளம் வழிகாணிகளுக்கான வெளிநாட்டுப் பயிற்சி முகாம்' என்றே எழுதுகிறேன்.