டைமண்ட் வாங்கும் முன் ஒரு வகுத்தல் கணக்கு

கேமுக்குள் டைமண்ட், கிரிஸ்டல் என்ற பெயர்களில் வரும் கேம் நாணயத்தைக் காசு கொடுத்து வாங்குவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. பிடித்த விளையாட்டுக்கு மாதம் இருநூறோ முந்நூறோ செலவழிப்பது சினிமாவுக்குப் போவது மாதிரிதான். ஆனால் ஒரே கேமில், ஒரே தொகைக்கு, ஒருவருக்குக் கிடைப்பதைப் போல ஏழு மடங்கு இன்னொருவருக்குக் கிடைக்கும். எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்பதில்தான் அந்த வித்தியாசம் இருக்கிறது.

‘ஜென்ஷின் இம்பாக்ட்’ என்ற கேமை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் வெளிப்படையாக இருப்பதால் கணக்குப் போட வசதி. டாலர் விலையில் பார்ப்போம். ரூபாய் விலை உங்கள் போனிலேயே தெரியும்.

அதன் கடையில் மிகப் பெரிய பேக் 99.99 டாலர். அதில் 6,480 கிரிஸ்டல், மேலே 1,600 போனஸ், ஆக 8,080. வகுத்தால் டாலருக்கு 81. அதே கடையில் ‘வெல்கின் மூன்’ என்ற மாதக் கார்டு 4.99 டாலர். வாங்கியதும் 300, பிறகு 30 நாளும் உள்ளே போனால் தினம் 90. மொத்தம் 3,000, டாலருக்கு 601. பெரிய பேக் ‘மொத்த விலை’ போலத் தெரிந்தாலும், கார்டுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஒரு நாள் உள்ளே போகாவிட்டால் அன்றைய 90 போய்விடுமே என்று கேட்கலாம். போகட்டும். பெரிய பேக்கின் விகிதத்தில் 4.99 டாலருக்கு வருவது 403தான். கார்டு வாங்கிவிட்டு மாதத்தில் இரண்டே நாள் எட்டிப் பார்த்தாலும் 480 வந்துவிடும். கம்பெனி இவ்வளவு மலிவாகத் தருவது தருமத்துக்காக அல்ல. நீங்கள் தினமும் உள்ளே வர வேண்டும் என்பதற்காக. எப்படியும் தினமும் விளையாடுபவருக்கு அதில் நஷ்டமில்லை. விளையாட்டை விட்டு விலக நினைப்பவருக்குத்தான் அது கால்கட்டு.

இதே கடையில் ‘முதல் முறை இரட்டிப்பு’ என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பேக்குக்கும் முதல் தடவை வாங்கும்போது இரு மடங்கு கிடைக்கும். இரட்டிப்பு என்றதும் பெரிய பேக்குக்கே கை போகும். ஆனால் 0.99 டாலர் பேக் இரட்டித்தால் 120, டாலருக்கு 121. 99.99 டாலர் பேக் இரட்டித்தால் 12,960, டாலருக்கு 130. பெயருக்குத்தான் வித்தியாசம். ஆகவே தேவைப்படும் அளவுக்குச் சின்ன பேக்குகளையே இரட்டிப்பில் எடுத்தால் போதும்.

எந்தக் கேமாக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை இதுதான்: கிடைக்கும் எண்ணிக்கையை விலையால் வகுங்கள். ‘800% மதிப்பு’ என்று பேக்கின் மூலையில் மின்னும் முத்திரையைப் பார்க்காதீர்கள். கடையிலேயே மோசமான விலையோடு ஒப்பிட்டு, உங்களுக்குத் தேவையே இல்லாத சில்லறைப் பொருள்களுக்கும் விலை போட்டுக் கூட்டி வைத்த சதவீதமாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும்.

சீசன் பாஸ் (ஒரு சீசனில் லெவல் ஏற ஏறக் கூடுதல் பரிசு தரும் கட்டணச் சீட்டு) விஷயத்தில் ஒரே யோசனை: கடைசி வாரத்தில் வாங்குங்கள். பெரும்பாலான கேம்களில் இலவசமாக விளையாடி ஏறிய லெவல்கள் அப்படியே இருக்கும். பாஸ் வாங்கியதும் அதுவரைக்குமான பரிசுகள் மொத்தமாக வந்து விழும். முதல் நாளே வாங்கிவிட்டு, பரீட்சையோ ஊர்ப் பயணமோ வந்து பாதி லெவலில் நின்றுவிட்டால், மீதி லெவலையும் காசு கொடுத்து வாங்கத் தூண்டும் பொத்தான் தயாராக நிற்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு. கட்டுமான நேரத்தைக் குறைப்பது போன்ற சலுகை பாஸோடு வந்தால், அது வாங்கிய நாளிலிருந்துதான் ஓடும். அந்தச் சலுகைக்காகவே வாங்குபவர் சீக்கிரம் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

குலுக்கல் பெட்டிகள்

காசு கொடுத்து ஒரு முறை ‘இழுத்தால்’ என்ன விழும் என்று முன்கூட்டித் தெரியாத பெட்டிகள் இவை. அதிகப் பணம் கரைவது இங்கேதான். 1% வாய்ப்பு என்றால் நூறு முறை இழுத்தால் ஒன்று நிச்சயம் என்று பலர் நினைக்கிறார்கள். நூறு முறை இழுத்தும் ஒன்றுகூட விழாமல் போக 37% வாய்ப்பு இருக்கிறது. நூறு பேர் இழுத்தால் ஏறக்குறைய 37 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

ஆகவே இழுக்கும் முன் ‘உத்தரவாத எண்ணிக்கை’ இருக்கிறதா என்று விவரப் பக்கத்தில் பாருங்கள். ஜென்ஷினில் ஐந்து நட்சத்திரம், அதாவது மிக உயர்ந்த தரக் கதாபாத்திரம், விழும் வாய்ப்பு 0.6%, 90வது இழுப்புக்குள் ஒன்று நிச்சயம். ஆனால் அது நீங்கள் விரும்பிய கதாபாத்திரமாக இருக்க வேண்டியதில்லை. முதல் தடவை வேறொன்று வந்தால் அடுத்தது நிச்சயம். ஆக, மிக மோசமான நிலைக்கு 180 இழுப்பு. ஓர் இழுப்புக்கு 160 கிரிஸ்டல்; மொத்தம் 28,800. அவ்வளவையும் பெரிய பேக்கிலேயே வாங்கினால் நான்கு பேக், 400 டாலர். ‘எனக்குச் சீக்கிரம் விழும்’ என்ற எண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் தொகையைக் கொடுக்கத் தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தயாரில்லை என்றால் சேர்த்து வைத்துக் காத்திருங்கள். அங்கே இழுத்த எண்ணிக்கை அடுத்த கதாபாத்திரக் குலுக்கலுக்கும் தொடரும். எல்லாக் கேமிலும் இப்படி இல்லை. சிலவற்றில் நிகழ்வு முடிந்ததும் பூஜ்யத்துக்குப் போய்விடும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் பாதியில் நிறுத்துவதுதான் பெரிய நஷ்டம்.

மிச்சம் நிற்கும் டைமண்ட்

ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் டைமண்ட் 100, 310, 520, 1,060 என்று பேக்குகளாக வரும். 600 வேண்டும் என்று வையுங்கள். 520 ஒன்றும் 100 ஒன்றும் எடுத்தால் மிச்சம் 20. ‘பெரியதாகவே எடுப்போமே’ என்று 1,060 எடுத்தால் மிச்சம் 460. அந்த 460 சும்மா கிடக்காது, அடுத்த வாரம் ஏதோ ஒரு ஸ்கின்னுக்கு (கதாபாத்திரத்தின், துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் அலங்காரம்) போகும்.

எதிர்காலத்துக்கு என்று சேர்த்து வைப்பதும் ஆபத்து. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. 2022 ஜூலையில் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது. பேலன்ஸில் கிடக்கும் டைமண்டை ரூபாயாக யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

பாதி விலைக்கு டைமண்ட் தருகிறேன் என்று டெலிகிராமிலும் இன்ஸ்டாவிலும் வருகிறவர்களிடம் போகாதீர்கள். திருட்டுக் கார்டில் வாங்கிக் கொடுப்பார்கள், அல்லது வாங்கிய கையோடு ரீஃபண்ட் போடுவார்கள். எப்படியானாலும் டைமண்ட் பிடுங்கப்பட்டு உங்கள் பேலன்ஸ் மைனஸில் போகும், இல்லையென்றால் ஐடி முடங்கும். கம்பெனியின் சொந்த இணையக் கடை வேறு. ஸ்டோர் கமிஷன் மிச்சமாவதால் அங்கே கூடுதல் போனஸ் தருவதுண்டு. டாப்-அப்புக்குப் பிளேயர் ஐடி மட்டும் கேட்டால் சரி. பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

போனில் செய்ய வேண்டியவை

பிளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்பு கேட்கும்படி வையுங்கள். ‘30 நிமிடத்துக்கு ஒரு முறை’ என்று இருந்தால், நீங்கள் ஒன்று வாங்கிக்கொடுத்த பிறகு அரை மணி நேரம் கதவு திறந்தே கிடக்கும். அப்பா போனில் பிள்ளையின் கைரேகையும் பதிந்திருந்தால் சரிபார்ப்பு இருந்தும் பயனில்லை; ஓடிபியும் அதே போனுக்குத்தான் வருகிறது. பிளே ஸ்டோரில் மாத பட்ஜெட் போடலாம், ஆனால் அது எச்சரிக்கும், தடுக்காது. உண்மையிலேயே தடுக்க ஒரு வழி: கார்டையும் யுபிஐயையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, மாதத்துக்கு வேண்டிய தொகைக்கு ரீடீம் கோடு (முன்பணம் கொடுத்து வாங்கும் கூப்பன் எண்) வாங்கி ஏற்றுவது.

மாதச் சந்தா எடுத்த கேமை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதியில் போய் ரத்து செய்ய வேண்டும்; யுபிஐ செயலியின் ஆட்டோபே பட்டியலிலும் ஒரு முறை பாருங்கள்.

தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே ரீஃபண்ட் கேளுங்கள். ரசீது மெயிலில் ‘ஜிபிஏ’ என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு என்றால் கேம் கம்பெனியைத்தான் கேட்க வேண்டும். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ எடுத்த பணம் என்றால் 120 நாள்வரை புகார் செய்யலாம். ஐபோனில் ஆப்பிளின் ‘ரிப்போர்ட் எ பிராப்ளம்’ பக்கம். வாங்கிய டைமண்டைத் தொடாமல் வைத்துவிட்டுக் கேளுங்கள். செலவழித்த பிறகு கேட்டால் கிடைப்பது கடினம். இதையெல்லாம் விட்டுவிட்டு நேராக வங்கியில் போய்ப் பணத்தைத் திரும்ப எடுக்கச் சொன்னால், பணம் வந்தாலும் கேம் கணக்கு முடங்கிப்போகலாம்.