எபெனிஸ்த்: கருங்காலியில் பிறந்த தொழிற்பெயர்

பழைய பிரெஞ்சுப் பேழைகளை, அதாவது ஆங்கிலத்தில் கேபினட் எனப்படும் அலமாரிகளைப் பற்றிப் படிக்கும்போது, செய்தவர் பெயரோடு 'எபெனிஸ்த்' என்ற சொல்லும் வரும். அதைத் 'தச்சர்' என்று பெயர்த்தால் வாசகருக்குப் புரிந்துவிடும்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருக்கிற தொழில் தொலைந்துபோகும்.

பிரெஞ்சில் 'எபென்' என்றால் கருங்காலி. லத்தீனில் 'எபெனுஸ்', அதற்கு முன் கிரேக்கத்தில் 'எபெனோஸ்', அதற்கும் முன் பழைய எகிப்து மொழி என்று வேர் நீள்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் மொரீஷியஸ், இலங்கை போன்ற இடங்களிலிருந்து கருங்காலி கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் கனம், உளியை மழுக்கும் கடினம், விலையும் எக்கச்சக்கம். முழுப் பேழையையும் அதில் செய்தால் கட்டுப்படியாகாது. அதனால் மெல்லிய தகடாக அறுத்து, வேறு மரத்தில் செய்த கூட்டின் மேல் ஒட்டினார்கள். நம் மரக்கடைகளில் வெனீர் என்கிறோமே, அதேதான். நெதர்லாந்துப் பக்கம் இந்த வேலையைக் கற்று வந்த ஷான் மாசே என்பவருக்கு 1644-இல் லூவ்ர் அரண்மனையிலேயே தங்க இடம் கிடைத்தது. அவ்வளவு மதிப்பு அந்தக் கைத்திறனுக்கு.

முழு மரத்தில் நாற்காலி, கட்டில் செய்பவரை 'மெனுயிசியே' என்றார்கள். தகடு ஒட்டிப் பேழை செய்பவர் எபெனிஸ்த். அப்புறம் கருங்காலி மோகம் குறைந்து, வேறு வண்ண மரங்கள் வந்தன. பெயர் மட்டும் மாறவில்லை. எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று தேங்காயில் எடுத்தாலும் எண்ணெய் என்கிறோம் இல்லையா, அப்படி.

19-ஆம் நூற்றாண்டில் பழைய பாணிகளுக்குத் திரும்பும் ஆர்வம் எழுந்தபோது கருங்காலியும் திரும்பி வந்தது. பாரிஸைச் சேர்ந்த ஆன்றி-ஒகுஸ்த் ஃபூர்தினுவா 1867 உலகக் கண்காட்சியில் வைத்த பேழை அதற்கு நல்ல சான்று. மறுமலர்ச்சிக் காலப் பாணியில் செய்த அதை, இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப்படும் லண்டன் நிறுவனம் 2,750 பவுன் கொடுத்து வாங்கியது.

அதில் என்னை நிறுத்துவது, ஒரு மரத்தில் வேறு நிற மரத்தைப் பதிக்கும் வேலைதான். வழக்கமாகப் பதிக்கும்போது வண்ண மரத்தகட்டை மேலோட்டமாக ஒட்டுவார்கள். உளி வைத்து ஆழமாகச் செதுக்கினால் தகடு கிழிந்து அடிமரம் தெரிந்துவிடும். ஃபூர்தினுவா கருங்காலிப் பலகையை ஊடுருவ வெட்டி, அந்தத் துளையில் வெளிர்நிற மரத்துண்டைப் பலகையின் முழுத் தடிமனுக்கும் இறுக்கிப் பொருத்தினார். பிறகு இரண்டையும் சேர்த்தே செதுக்கலாம். கருப்பில் இருந்து வெளிர்நிற உருவம் புடைத்து எழும். எவ்வளவு ஆழம் போனாலும் நிறம் மாறாது. துண்டின் விளிம்பு மயிரிழை பிசகினாலும் இடைவெளி தெரிந்துவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கைகளின் பொறுமை புரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கருங்காலித் தச்சர்' என்று நேராகப் பெயர்க்கலாம்தான். ஆனால் கூட இருந்தே காட்டிக்கொடுப்பவன் என்ற பொருளும் தமிழில் கருங்காலிக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, பிற்கால எபெனிஸ்துகளில் பலர் கருங்காலியையே நம்பி இருக்கவில்லை. 'நுண்தச்சர்' என்றால் மெனுயிசியேவோடு குழம்பும். அந்தச் சொல்லில் உள்ள 'மெனு'வுக்கே சிறியது, நுண்ணியது என்றுதான் பொருள். 'அலமாரித் தச்சர்' எளிமையானது, ஆனால் அலமாரி போர்ச்சுகீசியரிடம் வாங்கிய சொல்.

எனக்குச் சரியாகப் படுவது 'பேழைத்தச்சர்'. பேழை நம்மிடம் பழங்காலம் தொட்டு இருக்கும் சொல். விலைமதிப்புள்ளதை வைத்துப் பூட்டுவது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. அந்தப் பிரெஞ்சுப் பேழைகளும் நாணயம், மணி, கடிதம் வைக்கச் செய்தவைதான். மெனுயிசியேவுக்கு வெறும் 'தச்சர்' போதும், தேவைப்பட்டால் 'நாற்காலித் தச்சர்' என்று விரிக்கலாம். பாரிஸ் பேழைத்தச்சர் ஃபூர்தினுவா என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இயல்பாகவே வருகிறது.